கரண்ட் வண்டிக்குப் பின்னால் தூங்கியவர்கள்

பீம்ராவின் வண்டி கிளம்பினால் யாருக்கும் தெரியாது. எல்லா வம்பும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நாற்பதடி கன்டெய்னரைத் தூக்கி முதுகில் வைத்தாலும் அந்த வண்டி முனகாது. சாவியைத் திருப்பினால் திரையில் பச்சையாக ஒரு விளக்கு எரியும். பிரேக்கை விடும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று போகும். அப்புறம் கரையை விட்டுக் கப்பல் விலகுவதுபோலத் தானாக நகரும். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, புகை கிடையாது. பிறந்த நாள் முதல் டீசல் புகையை மூக்கில் இழுத்து வளர்ந்த வியாசர்பாடிக்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா நைனா, பெரிய சைஸ் மிக்ஸியா வாங்கினு வந்துட்ட?"

"உன் வூட்ல சின்ன சைஸ்ல ஒண்ணாவது கீதா?" என்று பீம்ராவ் கேட்டார். கேட்டவன் வாயை மூடிக்கொண்டான். பீம்ராவிடம் வாய் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள்.

அவருக்கு வயது அறுபது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவரின் மகன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனார். அதற்குமேல் பள்ளிக்கூடம் அவரைத் தேடி வரவில்லை, அவரும் அதைத் தேடிப் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சொந்த டீசல் டிரெய்லர் ஓட்டினார். அது ஓய்ந்துபோனபோது, இன்னொரு பழைய டீசல் வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லித் தெருவே புத்தி சொன்னது. சொன்னவர்களில் ஒருவன்கூடத் தன் பேரில் ஒரு சைக்கிள் வாங்கியதில்லை.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், கரண்ட் டிரெய்லர் வைத்திருப்பவனுக்கு நிரந்தரமாகச் சரக்கு தருவோம் என்று சொன்னார்கள். மூன்று வண்டி, நாலு வண்டி வைத்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் பின்வாங்கினார்கள். பாட்டரி போனால் என்ன செய்வது, வழியில் நின்றால் யார் இழுப்பது என்று ஆளுக்கொரு பயம். மீசை மட்டும் எல்லாருக்கும் பெரிசு. பீம்ராவ் ஒருவர்தான் போய்க் கையெழுத்துப் போட்டார். கடன் கொடுக்கும் ஆபீஸில் டை கட்டிய ஓர் ஆள், "உங்க குவாலிஃபிகேஷன் என்ன சார்?" என்று கேட்டான்.

"வண்டி ஓட்டத்தான கடன் கேக்குறேன்? உன் வூட்டுக்குப் பொண்ணு கேக்கவா வந்தேன்?"

அவன் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டான்.

வண்டி வந்த வாரமே பீம்ராவ் தன் டூவீலரை விற்றார். சாயங்காலம் யார்டில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கத் தலை வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வியாசர்பாடிப் பெரிய சாலையோரம் அது யானைபோல நிற்கும். காலையில் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போவதும் அதில்தான், சம்பந்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போனதும் அதில்தான். ஊர் ஆட்டோவில் போகும், பீம்ராவ் ஐம்பது டன் இழுக்கும் வண்டியில் முருங்கைக்கீரை வாங்கப் போவார். அவர் மனைவி யசோதரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறுவதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் நிற்கும்.

"ஒரு ஆட்டோ புடிச்சா மானமா போவலாம்," என்பாள் அவள்.

"ஆட்டோல ஏசி கீதா? குந்து."

ஏசியில் மீன் கூடையை வைத்தால் மறுநாள் வரைக்கும் கேபினில் கவிச்சி அடிக்கும். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கரண்ட் போனபோது, நாலு வீடு தள்ளி இருப்பவன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். உன் வண்டியில் அத்தனை கரண்ட் இருக்கிறதே, எங்கள் வீட்டு ஃபேனுக்கு ஒரு ஒயர் கொடேன் என்றான். மிக்ஸி என்று முதலில் சொன்னதும் அதே வாய்தான். பீம்ராவ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேபினில் ஏறிக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

யார்டில் சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய படிப்புப் படித்த ஒருவன் அந்தத் தடித்த ஒயரைச் சொருகுவதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு நிற்கிறான். பீம்ராவ் அவனை நம்பாமல் தானே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மேம்பாலம் இறங்கும்போது காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைந்து, போன கரண்டில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். டீக்கடையில் இதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் டீ குடித்ததில்லை.

"உன் வண்டி பாலம் எறங்கச்சொல்ல உனக்கு இன்னா குடுக்கும்? பொகை. என்து கரண்டத் திருப்பிக் குடுக்கும். எழுதி வச்சிக்கோ. எழுதத் தெரிஞ்சவனாப் பாத்து எழுதச் சொல்லு."

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, துறைமுக லைன் வரைக்கும்.

லைன் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். துறைமுகத்து ஜீரோ கேட்டில் தொடங்கி, காசிமேடு தாண்டி, கடலை ஒட்டி எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சில நாள் திருவொற்றியூர் வரைக்கும் நிற்கும். பத்தடி நகரும், அரை மணி நிற்கும். முன்பு ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கிளீனர் இருப்பான். லைன் நகர்ந்தால் அவன் ஓடிப்போய்ப் பின்வண்டிக் கதவைத் தட்டுவான். இப்போது கஞ்ச முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். ஒரு வண்டிக்கு ஓர் ஆள்தான். அந்த ஓர் ஆள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவான்.

தூங்குகிறவனை எது எழுப்பும்? ஹாரன் எழுப்பாது. அந்தச் சாலையில் ஹாரன் சத்தத்துக்குக் காக்கைச் சத்தத்துக்கு உள்ள மதிப்புதான். முன்வண்டி இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் உறுமல்தான் எழுப்பும். பெற்ற தாய் உலுக்கினாலும் எழாதவன், முன்வண்டி உறுமினால் கண்ணைத் திறக்காமலேயே சாவியைத் திருப்புவான். அப்படித்தான் அந்த லைனில் ஒருவன் எழுந்து அடுத்தவனை எழுப்பி, அவன் அதற்கு அடுத்தவனை எழுப்பி, வால் வரைக்கும் போகும்.

இன்னொன்றும் உண்டு. இடையில் சந்து விழுந்தால், பக்கத்துச் சாலையிலிருந்து எவன் மூக்கை நுழைக்கிறானோ அவனுக்கு அந்த இடம். தூங்கிவிட்டேன் என்று அழுதால் ஒருவனும் காது கொடுக்க மாட்டான்.

இந்த லைனில் பீம்ராவின் ஊமை வண்டி போய் நின்றது.

முதலில் மாட்டியவர் மஜீது. ராயபுரத்துக்காரர். பீம்ராவோடு முப்பது வருஷமாக ஒன்றாக டீ குடித்து, ஒன்றாகச் சண்டை போட்டு வருகிறவர். ஒரு மத்தியானம் பீம்ராவுக்குப் பின்னால் நின்றார், தூங்கினார். லைன் நகர்ந்தது, பீம்ராவும் நகர்ந்தார். கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. முன்னால் போகிறவன் பின்னால் பார்ப்பது தனக்கு வழக்கமில்லை என்று பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார். மஜீது வெயில் முகத்தில் பட்டு எழுந்தபோது, எதிரில் பீம்ராவின் வண்டி இல்லை. முன்பின் பார்த்திராத நாலு டிரெய்லர்கள் நின்றன. அவர் கொண்டுவந்த கன்டெய்னர் பெட்டி ஏற வேண்டிய கப்பலுக்கு நேரம் முடிந்துவிட்டது. பெட்டி கரையிலேயே கிடந்தது, மஜீது முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பீமண்ணே, ஒரு வார்த்த சொல்லினு போவக்கூடாது?"

"உன்னியத் தாலாட்டி எழுப்பறதுக்கா பாய் நான் வண்டி வாங்கினேன்?"

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் அதேபோல இடத்தை இழந்தார்கள். விஷயம் லட்சுமணனிடம் போயிற்று.

லட்சுமணனுக்கு எந்தச் சங்கத்திலும் பதவி கிடையாது. நாற்பது வயது, பெரிய தொண்டை, அதைவிடப் பெரிய தொப்பை, அவ்வளவுதான் தகுதி. ஆனால் லைனில் அவன் சொன்னதுதான் சட்டம். கடலோரத் தடுப்புச் சுவரை ஒட்டிய டீக்கடையில் பத்துப் பதினைந்து டிரைவர்களை வைத்துக்கொண்டு, ஏதோ ஹைகோர்ட்டில் உட்கார்ந்திருப்பவன்போல, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் மீன் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"பெருசு, இனிமே உன் மிக்ஸி லைன்ல கடைசிலதான் நிக்கணும்."

"கடைசில நின்னா?"

"எவன் புச்சா வந்தாலும் உன் முன்னாடி போய் நிப்பான். உன் பின்னாடி எவனும் நிக்க மாட்டான். நின்னாத்தான தூங்குவான், தூங்கினாத்தான பேஜாரு."

"வண்டிங்க நாள் முழுக்க வந்துகினே இருக்குமேடா. அப்பால நான் எப்போ கேட்டுக்குப் போறது?"

"அது உன் பேஜாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மஜீது சிரிக்கவில்லை, ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க தூக்கத்துக்கு என் வண்டி இன்னாடா பண்ணும்? தூங்குமூஞ்சிங்கள்லாம் சேந்து சட்டம் போடுறீங்களா?" என்று பீம்ராவ் கத்தினார். கத்தி என்ன பயன்? மறுநாள் லைனில் நின்றார். ஒரு வண்டி வந்தது, அவரைத் தாண்டி முன்னால் போய் நுழைந்தது. அடுத்தது வந்தது, அதுவும் நுழைந்தது. ஒவ்வொருவனும் தாண்டும்போது கையை ஆட்டிவிட்டுப் போனான். பீம்ராவ் ஏசியில் உட்கார்ந்து, அவர்களுடைய டீசல் எரிவதையும் தன் பாட்டரி அப்படியே இருப்பதையும் நினைத்துத் தேற்றிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் தேற்றிக்கொண்டதுதான் மிச்சம். பெட்டியோடு போனவர் பெட்டியோடு திரும்பினார். அதற்கு மறுநாளும் அதே கதை.

யார்டு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினான். ஒரு நாளைக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். திங்கட்கிழமையும் அது நடக்கவில்லையென்றால் சரக்கை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்றான்.

"ரோட்ல நிக்க உடமாட்றானுங்க சார். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"அது வெளிய நடக்கிறது. எங்க பொறுப்பு இல்ல."

குளிர்ந்த அறையைவிட்டு வெளியே நடக்கும் எதுவும் அந்த மேனேஜருக்குப் பொறுப்பில்லை. பீம்ராவுக்கு மட்டும் விஷயம் முழுசாகப் புரிந்தது. அந்த அளவு வண்டிக்குச் சார்ஜர் அந்த யார்டில்தான் இருக்கிறது. யார்டு போனால் சரக்கும் போகும், சார்ஜும் போகும். அப்புறம் அது வண்டி இல்லை. பெரிய சாலையோரம் நிற்கும் வெறும் இரும்பு. கடன்காரன் வந்து இழுத்துக்கொண்டு போவான். வியாசர்பாடி முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது யசோதராவிடம் சொன்னார். வழக்கம்போல எல்லாரையும் திட்டியபடிதான் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீ நகந்ததும் எறங்கிப் போய்ப் பின்வண்டிக் கதவத் தட்டினா இன்னாய்யா?"

பீம்ராவ் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னாமே சொன்ன? பதினோரு வயசுல கிளீனரா ஏறினேன். மழயில, வெயில்ல, ஒவ்வொரு கதவா ஓடி ஓடித் தட்டினேன். தட்டினதுக்குக் காதுல அறஞ்சவன்லாம் கீறான். இனி ஒருத்தன் கதவையும் தட்டக்கூடாதுன்னுதான் ஸ்டியரிங் புடிச்சேன், சொந்தமா வண்டி வாங்கினேன். அறுவது வயசுல என்னிய மறுபடி கிளீனர் ஆவச் சொல்றியா?"

"தட்டினா கை தேஞ்சிடுமா?"

"மருவாதி தேஞ்சிடும்."

"ரெண்டு நாளா வால்ல நின்னுகினு எல்லாரும் கையாட்டறத பாத்துகினு கீறியே, அதுல ஏறிப்போச்சா உன் மருவாதி? சோத்த தின்னு, ஆறுது."

அவர் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை யார்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டியை நேராக டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கி, லட்சுமணனுக்கு எதிரில் போய் நின்றார்.

"தோ பாரு. நான் இன்னிக்கி லைன்ல நிப்பேன். என் பின்னாடி எவன் நிக்கிறானோ அவன் தாராளமா தூங்கலாம். நகந்ததும் நானே எறங்கி வந்து எழுப்புறேன். எவனாவது ஆம்பள கீறானா?"

லட்சுமணன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

"நானே நிக்கிறேன் பெருசு. பிரியாணிய ஃபுல்லா அட்ச்சிட்டு, நல்லாக் கால நீட்டித் தூங்குவேன். நமக்கு நடுவுல ஒரே ஒரு வண்டி பூந்தாலும், நாளைக்கி உன் மிக்ஸி இந்த ரோட்டுப் பக்கமே வரக்கூடாது. இன்னா சொல்ற?"

"நீ தூங்கு. குறட்ட மட்டும் உடாத, கடல்ல மீன் ஓடிரும்."

அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. பீம்ராவ், அவருக்குப் பின்னால் லட்சுமணன், அவனுக்குப் பின்னால் மஜீது. காலை நடை சுலபமாகவே போயிற்று. வெயில் ஏறாத நேரம், யாருக்கும் தூக்கம் வரவில்லை. கேட்டுக்குள் போய் இறக்கிவிட்டு, அவரவர் யார்டில் மறுபடி ஏற்றிக்கொண்டு, மத்தியானம் அதே வரிசையில் வந்து நின்றார்கள். இரண்டாவது நடை. லட்சுமணன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்தான். அடங்கிவிட்டான்.

லைன் நகர்ந்தது. பீம்ராவ் வண்டியை நகர்த்தி, பிரேக் போட்டு, படியிறங்கினார். முட்டி இரண்டும் மடக்கென்றன. கன்டெய்னரின் முழு நீளத்தையும் நடந்து கடந்து, லட்சுமணனின் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

லட்சுமணன் வேண்டுமென்றே நிதானமாகக் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டான்.

"கிளீனர் வந்துட்டியா? அப்டியே ஒரு டீ சொல்லினு வா."

பின்னாலிருந்த வண்டிகளில் சிரிப்பு கிளம்பியது. "டேய் கிளீனர், என் டயர்ல காத்து பாருடா!" என்று எவனோ ஒருவன் கத்தினான்.

பீம்ராவுக்குக் காது சிவந்தது. இருந்தாலும் வாய் அடைக்கவில்லை. "கதவத் தொறந்தா இன்னா நாத்தம்டா கேபின்ல! வருசத்துக்கு ஒரு தபா குளிப்பியா, இல்ல எலக்சனுக்கு எலக்சனா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். பின்னால் வந்த சிரிப்பு இந்தமுறை லட்சுமணனைப் பார்த்து வந்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை இறங்கினார், எத்தனை முறை ஏறினார் என்று அவரே எண்ணவில்லை. தார்ச்சாலை செருப்பையும் மீறிச் சுட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கேலி வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒன்று திருப்பிக் கொடுத்தார். நாக்கு களைக்கவில்லை, முட்டிதான் களைத்தது. மஜீது ஒருமுறை தலையை வெளியே நீட்டி, "போதும் பீமண்ணே, உட்டுடு," என்றார். "நீ டீ கிளாஸுல மூஞ்ச வச்சுகினே இரு பாய், அதான் உனக்கு ஏத்த எடம்," என்று அவருக்கும் ஒன்று கிடைத்தது.

காசிமேட்டு வளைவுக்குப் பக்கத்தில் வந்தபோது லைன் திடீரென்று நன்றாக ஓடியது. மூன்று வண்டி நீளம் இடம் கிடைத்தது. பீம்ராவ் ஓட்டிக்கொண்டு போய் முன்வண்டியோடு ஒட்டி நிறுத்தி, குதித்து இறங்கினார். திரும்பிப் பார்த்தால், பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு டிரெய்லர் அந்தச் சந்தில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

அவர் ஓடினார். அறுபது வயதில் எப்படி ஓட முடியுமோ அப்படி ஓடினார். ஓடிப்போய் அந்த வண்டியின் பம்பருக்கு நேராக நின்றார்.

"யோவ் பெருசு! சாவணுமா? வழி உடு!" உள்ளேயிருந்தவன் ஹாரனை அழுத்தினான்.

"உட முடியாது. ஆள் கீறான்."

"எங்க கீறான்? கேப்பு காலி."

"தோ தூங்கினு கீறான் பாரு, பன்னி கணக்கா. அவன் எடம் இது."

"தூங்கினா எடம் போச்சு. லைன் சட்டம் தெரியாதா?"

"சட்டம் எனக்குச் சொல்றியா? உங்கப்பன் லுங்கி கட்டப் பழகறதுக்கு முன்னாடியிருந்து நிக்கிறேன் இந்த லைன்ல. ஏத்துறதுன்னா ஏத்திட்டுப் போ."

வண்டி ஓரடி முன்னால் வந்தது. ரேடியேட்டரின் அனல் பீம்ராவின் சட்டையில் அடித்தது. அவர் நகரவில்லை. "லட்சுமணா! டேய் லட்சுமணா!" என்று கத்தினார். ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் லட்சுமணன் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்து கிடந்தது. பிரியாணி தன் வேலையைச் செய்திருந்தது. மஜீது அவனுக்குப் பின்னால் மறைந்திருந்தார், அவருக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியவில்லை.

பீம்ராவ் யோசித்தார். போய்க் கதவைத் தட்டினால் இவன் உள்ளே நுழைந்துவிடுவான். இங்கேயே நின்றால் அவன் எழ மாட்டான். நுழைந்துவிட்டால் பந்தயம் போச்சு, யார்டு போச்சு, வண்டி போச்சு. கல் எடுக்கலாம் என்று பார்த்தால் காலடியில் வெறும் தார்தான். இரண்டடி விலகினால் பம்பர் உள்ளே வந்துவிடும்.

வலது காலைத் தூக்கினார். ரப்பர் செருப்பைக் கழற்றினார். குறி பார்த்து, பிடரி வரைக்கும் கையை இழுத்து, வீசினார்.

லட்சுமணனின் முன்கண்ணாடியில், சரியாக அவன் முகத்துக்கு நேராக, 'தப்' என்று விழுந்தது. சறுக்கி வந்து வைப்பரில் மாட்டிக்கொண்டு நின்றது.

லட்சுமணன் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது அந்தச் செருப்பைத்தான். ஊரில் ஒருவனைக் கத்தியால் குத்தினாலும் சமாதானம் பேசிவிடலாம். செருப்பால் அடித்தால் பேச முடியாது. அவன் கதவைத் திறந்து இறங்கினான். வைப்பரிலிருந்து செருப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பின்வண்டிகளில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். மூக்கை நுழைத்தவன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்னிய செருப்பால அட்ச்சியா?"

"உன்னிய எங்க அட்ச்சேன்? கண்ணாடியத்தான் அட்ச்சேன். கண்ணாடி மட்டும் இல்லன்னா உன்னியே அட்ச்சிருப்பேன்."

"யோவ்..."

"இன்னாடா யோவ்? எண்ணிப் பாரு. உன் வண்டிக்கும் என் வண்டிக்கும் நடுவுல இன்னா கீது? ஒத்தக் கால்ல செருப்பு போட்ட ஒரு கெழவன் கீறான். வேற எந்த வண்டியாவது பூந்துதா? நல்லாத் தூங்கி, எடத்தையும் வச்சிகினு, இன்னாமோ வெறச்சிகினு வர்றான்."

லட்சுமணன் பார்த்தான். சந்து காலியாகத்தான் இருந்தது. மூக்கு நுழைத்த வண்டியின் பம்பருக்கும் பீம்ராவின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவனுடைய செருப்புப் பிடித்த கை மேலே போயிற்று. அப்போது மஜீது பின்னாலிருந்து கத்தினார்.

"லச்சு! சண்டைய அப்பால வச்சிக்க! கேப்பு கீதுடா, மொதல்ல வண்டிய எடு!"

இருபது வருஷமாக லைனில் நிற்கிறவன் லட்சுமணன். கேப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உடம்பே திரும்பிக்கொண்டது. அடிக்க நின்றால் இடம் போகும். ஓங்கிய கையோடு திரும்பி ஓடி, கேபினில் ஏறி, சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. மஜீதின் வண்டி உறுமியது. அதற்குப் பின்னால் வால் வரைக்கும் உறுமிக்கொண்டே போயிற்று. மூக்கை நுழைத்தவன் முணுமுணுத்தபடி ரிவர்ஸ் எடுத்தான். பீம்ராவ் லட்சுமணனின் பம்பர் தன்னை நெருங்கி வரும்வரை அங்கேயே நின்றுவிட்டு, ஒரு காலைக் குதிகாலில் ஊன்றியபடி, கொதிக்கும் தாரைத் திட்டிக்கொண்டு, தன் கேபினுக்குப் போய் ஏறினார். செருப்பு லட்சுமணனோடு போயிற்று.

பொழுது சாயும் முன்பே இரண்டாவது பெட்டியும் கேட்டுக்குள் இறங்கியது. மேனேஜர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ரெண்டு நடை ஆயிடுச்சே சார், வெரி குட்," என்றான். எப்படி ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை, பீம்ராவும் அவனை ஒரு மனுஷனாக மதித்துச் சொல்லவில்லை.

வீட்டில் யசோதரா அவருடைய காலைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

"பிஞ்சிப்போச்சி."

"பிஞ்சத கைல எடுத்துனு வர்றதுதான? நாலு தையல் போட்டா ஓடும்."

அவர் மீன் வறுவலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். உப்பு கூடிவிட்டதாம்.

மறுநாள் புதுச் செருப்போடு போனார். டீக்கடையில் லட்சுமணன் அதே மீன் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். சட்டத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தொப்பைக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே பொதுவில் சொன்னான்.

"பெருசு பின்னாடி நிக்கிறவனுங்க சைடு கண்ணாடிய எறக்கி வச்சிகினு தூங்குங்கடா. ஏத்தி வச்சா முன்கண்ணாடிக்கு நான் பொறுப்பில்ல."

"என் செருப்பு எங்கடா?"

"கடல்ல போட்டுட்டேன்."

"புச்சு செருப்புடா அது, சோமாரி! போன மாசம் வாங்கினது!"

லைனில் அவருக்குப் பின்னால் மஜீது வந்து நின்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முன்வண்டி நகர்ந்தது. கரண்ட் வண்டி சத்தமில்லாமல் பின்தொடர்ந்து போய் நின்றது. பீம்ராவ் முட்டியையும் வெயிலையும் மஜீதின் குலத்தையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டே கன்டெய்னர் நீளத்துக்கும் நடந்து வந்தார். கதவை நெருங்குவதற்குள்ளாகவே துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன் பீமண்ணே, வந்துட்டேன். கால்ல கீறத மட்டும் கழட்டிடாத."